வேடியப்பனின் கைநாட்டு

மேல்பட்டு, ஜவ்வாது மலை
12 ஜூலை 1938

அன்புள்ள மார்த்தா,

சேசு மரி சூசை உனக்குத் துணையிருக்கட்டும். நான் சுகம் என்று எழுதினால் அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதிக்கிறது.

நேற்று கீழே காட்டிலாகா ரேஞ்சு ஆபீசுக்குப் போயிருந்தேன். எந்த ஆபீசில் ஆறு வருஷம் குமாஸ்தாவாக முதுகு வளைந்தேனோ அதே ஆபீஸ்தான். என் நாற்காலியில் இருக்கிற புது ஆள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தை மாதம் இந்தப் பக்கத்துப் புளிக் குத்தகையை ஏலம் விடுகிறார்களாம். "நாங்க மேல்பட்டுல எல்லாரும் சேர்ந்து எடுக்கறோம்" என்றேன். "சேர்ந்துன்னா யாருங்க? பேர் இன்னா? சட்டப்படி ஒரு ஆளக் காட்டுங்க, இல்லாட்டி எடத்தக் காலி பண்ணுங்க" என்கிறான். அட, மலைச்சனமெல்லாம் மரம் சுமந்து கட்டிய கொட்டகை இருக்கிறது, தராசு இருக்கிறது, போன பருவத்துப் புளியும் கடுக்காயும் நியாய விலைக்கு நாங்களே விற்றோம். இத்தனையும் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு நாங்கள் யாரும் இல்லையாம்!

குத்தகை மண்டிக்காரன் கைக்குப் போனால் கதை முடிந்தது. அவன் வைத்ததுதான் எடை, அவன் சொன்னதுதான் விலை. தன் வாசலில் இருக்கிற மரத்தை உலுக்கிவிட்டு அவனிடமே கூலி கேட்டு நிற்க வேண்டும். இதைப் பார்க்கச் சகிக்காமல்தானே வேலையை விட்டுவிட்டு மேலே வந்தேன்.

வக்கீல் மாமாவின் நகலெல்லாம் நீதானே எழுதுகிறாய். இதற்கு என்ன வழி என்று அவரிடம் கேட்டு எழுது. எதையாவது பதிவு செய்து இந்தக் கொட்டகை தன் காலில் நின்றுவிட்டால், மறுநாளே மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். இது சத்தியம்.

உன்
ஆரோக்கியதாஸ்


திருப்பத்தூர்
21 ஜூலை 1938

என் அன்பானவருக்கு,

மேல்பட்டுச் சந்தைக்காரர் கையில் உங்கள் கடிதம் கிடைத்தது. ரேஞ்சு ஆபீஸ் வரைக்கும் இறங்கினீர்களாமே. இன்னும் அரை நாள் நடந்திருந்தால் வீடு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, எழுத மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். அந்தக் குமாஸ்தா சொன்னது சரிதானாம். சட்டத்துக்கு "எல்லாரும் சேர்ந்து" என்று ஒரு ஆளைத் தெரியாது, அந்த ஆளை நாம்தான் பெற்றுப் பெயர் வைக்க வேண்டும். என்னென்ன விதமாகப் பெறலாம் என்று இரண்டு நாளாகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தோசை கருகியது இந்தப் புண்ணியத்தில்தான்.

கம்பெனியாகப் பதியலாம். அதில் யார் அதிகப் பங்கு வாங்கினாரோ அவர் பேச்சுக்குத்தான் மரியாதை. உங்கள் மண்டிக்காரர் ஓசைப்படாமல் ஒவ்வொரு பங்காக வாங்கிப்போட்டால் கொட்டகை அவருடையது, தராசும் அவருடையது. தர்ம காரியத்துக்கென்றே ஒரு விதக் கம்பெனி உண்டாம், ஆனால் அதற்கு சர்க்கார் தனி அனுமதி தரவேண்டும். மேல்பட்டுக்காரருக்கு அது எந்த ஜென்மத்தில் கிடைக்கும் என்று அப்பா கேட்டார்.

இன்னொன்று, வாசகசாலைக்கும் அனாதை விடுதிக்கும் பதிகிறார்களே, அந்தப் பழைய சங்கச் சட்டம். ஏழு பேர் கூடினால் போதும், செலவும் குறைவு. ஆனால் வருகிற லாபத்தில் ஒரு தம்பிடி கூட மெம்பர்களுக்குப் போகக்கூடாது. புளி உலுக்குகிறவளுக்கே பங்கில்லை என்றால் அவள் எதற்காக உலுக்குவாள்?

டிரஸ்டு வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம், ஆனால் சொத்து டிரஸ்டியின் பெயரில் நிற்கும். மலைக்காரர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான். டிரஸ்டி நல்லவராக இருக்கும்வரை நல்லது. நீங்கள் நல்லவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிறவர். வேலையை விட்டதே எனக்கு மூன்றாம் நாள்தானே தெரிந்தது!

அதனால் கூட்டுறவுச் சங்கம்தான் என் யோசனை. பத்துப் பேர் கையொப்பமிட வேண்டும். பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் சர்க்காரில் வந்து கணக்குப் பார்ப்பார்கள், அந்தத் தொல்லையைச் சகித்துக்கொள்ள வேண்டும். தலைவர் ஒருவர் வேண்டும், அவர் மலைக்காரராக இருக்கட்டும். நீங்கள் இருந்தால் இறங்கவே மாட்டீர்கள்.

பூசை முடிந்து வரும்போது பெண்கள் கேட்கிறார்கள், "இன்னா மார்த்தா, உன் வூட்டுக்காரர் மலைமேல சாமியாராப் போயிட்டாரா?" என்று. சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன். எத்தனை நாள்தான் சிரிப்பது?

உங்கள்
மார்த்தாள்


மேல்பட்டு
4 செப்டம்பர் 1938

அன்புள்ள மார்த்தா,

கூட்டுறவுச் சங்கம் என்று நீ எழுதிவிட்டாய், எழுதுவது சுலபம். இங்கே கூட்டம் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். என் பிராணனே போய்விட்டது.

பத்துப் பேர் என்றேன். "பத்துப் பேர்னா மீதி வூடுங்க இன்னா ஆவுறது?" என்கிறார் கருப்பன். இவர் ஊர்க்கவுண்டர், மலையில் முக்கியமான மனிதர். முதலில் பத்து, பிறகு எல்லாரும் சேரலாம் என்றேன். ஆளுக்கு ஒரு பங்கு என்றேன். "ஆளுக்கா? அடுப்புக்குத்தான பங்கு? வேட்டைக்குப் போனாலும் அடுப்புக் கணக்குதான்" என்கிறார்கள். அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க வழக்கு. அப்புறம் தலைவர். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை! கருப்பனைக் கேட்டால், "ஒருத்தன் ஒசந்து குந்திக்கினா மத்தவன் மூஞ்சிய எப்டிப் பாக்கறது?" என்கிறார். சின்னதம்பியைக் கேட்டால் கருப்பனைக் காட்டுகிறார். தொண்டை கட்டி, "எவனையாவது வையுங்கய்யா!" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் மாதையன் ஒரு பெயரைச் சொன்னார். சொன்னதும் அத்தனை பேரும் சரி சரி என்று ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். வேடியப்பன். ஊருக்கெல்லாம் பெரியவர். அவர் வார்த்தைக்கு இங்கே மறுவார்த்தை கிடையாது. அதிகம் பேசமாட்டார். வயது யாருக்கும் தெரியவில்லை, அறுபது என்று போட்டிருக்கிறேன்.

பத்துக் கைநாட்டும் இத்துடன் வருகிறது. முதல் மெம்பர், தலைவர், இரண்டும் வேடியப்பன்தான். வக்கீல் முன்னிலையில் வைத்ததாக மாமா ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடியுமென்று சொல்கிறார்கள். மலை ஏறி வந்து பார்க்க அவரால் முடியாது. மருமகன் சொன்னால் போதாதா?

கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாய். தென்மேற்கு மூலையில் இரண்டு ஓடு மாற்றினால் போதும். நான் வந்து மாற்றுகிறேன்.

உன்
தாஸ்


திருப்பத்தூர்
9 அக்டோபர் 1938

என் அன்பானவருக்கு,

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். போடுவதற்கு முன் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். "பார்க்காததுக்கு நான் சாட்சி போட்டதே இல்லம்மா" என்றார். நான்தான், "உங்கள் மாப்பிள்ளை பொய் சொல்லமாட்டார் அப்பா" என்று கையைப் பிடிக்காத குறையாகப் போட வைத்தேன். மனு போய்விட்டது. இன்ஸ்பெக்டர் ஒருவர் மலைக்கே வந்து பார்ப்பாராம், தலைவர் நேரில் இருக்க வேண்டுமாம். வேடியப்பன் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள், நம் வீட்டில் சாப்பிடட்டும்.

ஓடுகளை நானே ஆள் வைத்து மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன மூலை இல்லை, எதிர் மூலை.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, துணி துவைக்கும்போது பாட்டு வருகிறது.

உங்கள்
மார்த்தாள்


மேல்பட்டு
2 டிசம்பர் 1938

அன்புள்ள மார்த்தா,

எல்லாம் பாழாய்ப் போயிற்று. உட்கார்ந்து படி.

இன்ஸ்பெக்டர் நேற்று வந்தார். நல்ல மனிதர், காலில் அட்டை ஏறியும் முகம் சுளிக்கவில்லை. கொட்டகையைப் பார்த்தார், தராசைச் சோதித்தார், திருப்திதான். "தலைவரைக் கூப்பிடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கருப்பன் முந்திக்கொண்டு, "அவர் வரமாட்டாருங்க. நாமதான் போவணும். செருப்பக் கழட்டிடுங்க" என்றார்.

போனோம். ஊர் எல்லையில் மரத்தடியில் நடுகல். மஞ்சள் பூசி, பூ வைத்து, முன்னால் சாமை பொங்கி வைத்திருந்தார்கள். அதுதான், மார்த்தா, வேடியப்பன். அதுதான் உன் தாத்தா. இந்த மலையில் வேட்டைக்குப் போனாலும் விதைத்தாலும் முதல் பங்கு அந்தச் சாமிக்கு. அதற்குப் பிறகுதான் அடுப்புக்கு ஒன்றாக மற்றவர்களுக்கு. சங்கமும் கூட்டுக் காரியம்தானே, அதனால் சாமிதான் முதல் மெம்பர். மனுஷன் தலையில் மனுஷன் உட்காராமல் இருக்கச் சாமிதான் தலைவர்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பிறகு காகிதத்தை எடுத்தார், சிரிப்பு போய்விட்டது. கல்லுக்குக் கைநாட்டு ஏது? வேடியப்பன் பெயரில் இருந்த ரேகையும் மாதையன் பெயரில் இருந்த ரேகையும் ஒன்று. மாதையன்தான் அங்கே பூசாரி. "நீதான ரெண்டும் வெச்சே?" என்று கேட்டார். மாதையன் ஒளிக்கவே இல்லை. "இல்லீங்க. மொதல்ல வெச்சது சாமிங்க. எம்மேல எறங்கி வெச்சாரு. ஊரே பாத்துது. மலையேறினப்புறம் வெச்சதுதான் நானு" என்றார். ஊரே ஆமாம் என்று தலையாட்டியது. ஒருத்தரும் பொய் சொல்லவில்லை மார்த்தா! அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை பேரும் உண்மை பேசி, மனு தள்ளுபடி.

எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். ஏமாற்ற வேண்டுமென்று அல்ல. பெயர்தானே, மனுஷனுக்கும் அந்தப் பெயர் உண்டு, யார் மலை ஏறி வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு குருட்டுத் தைரியம். உனக்கு எழுதினால் நீ விடமாட்டாய். இன்னொரு கூட்டம் போட எனக்குத் தெம்பில்லை. எரிச்சலில் செய்துவிட்டேன்.

மாமாவிடம் எப்படிச் சொல்வாயோ, சொல்லிவிடு.

தாஸ்


திருப்பத்தூர்
11 டிசம்பர் 1938

அன்பானவருக்கு,

அப்பாவிடம் நான் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. உங்கள் கடிதத்துக்கு முன்பே வேலூர் டிப்டி ரிஜிஸ்ட்ரார் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்துவிட்டது, சாட்சி போட்டவர் விளக்கம் தர வேண்டுமென்று. நேரில் போய், பார்க்காமல் போட்டேன், தவறுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவர். கோர்ட்டில் வக்கீல்கள், "வேடியப்பன் வழக்கு எப்ப வருதுங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். வீட்டில் வந்து கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.

என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? நான் விடமாட்டேன் என்று தெரிந்ததனால் என்று எழுதுகிறீர்கள். உங்களுக்காக அவர் கையைப் பிடித்தவள் நான்! ஒரு வரி எழுதியிருந்தால், சாமிக்கு முதல் பங்கு எப்படிக் கொடுப்பதென்று யோசித்திருப்பேனே. எனக்கு அது வேடிக்கையாகவும் இல்லை, பாவமாகவும் இல்லை. அவர்கள் வழக்கம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வழி உண்டு. தலைவராக மாதையனை வைத்துப் புதிய மனு போடுங்கள். சாமி பெயரை எடுத்துவிடுங்கள். ஏலத்துக்கு நாள் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்த்தாள்


மேல்பட்டு
27 டிசம்பர் 1938

அன்புள்ள மார்த்தா,

கிறிஸ்துமஸுக்கு வராததற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. மாமா முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கேயே ஒரு மூலையில் முழங்காலில் நின்று செபம் சொன்னேன். மாதையன் மனைவி செந்தாமரை தேனும் தினைமாவும் கொண்டுவந்து வைத்தாள். "இன்னிக்கு உங்க சாமி பொறந்த நாளுதான, வூட்டுக்குப் போவலியா?" என்று அவளும் கேட்டாள்.

நீ சொன்னபடி கேட்டுப் பார்த்துவிட்டேன். முடியாதாம். "வெச்ச சாமிய எடுன்னா எப்டிங்க எடுக்கறது? கவர்மெண்டுல அவருக்கு எடமில்லன்னா எங்களுக்கும் எடம் வாணாம்" என்று கருப்பன் எழுந்து போய்விட்டார். இப்படிப்பட்ட ஜனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வருகிற ஆத்திரத்தில் கொட்டகையை நானே கொளுத்திவிடலாம் போலிருக்கிறது. மண்டிக்காரன் ஆள் நேற்றே வந்து மரங்களைப் பார்த்துவிட்டுப் போனான்.

முடிவு செய்துவிட்டேன். குத்தகையை என் பெயரிலேயே எடுக்கிறேன். கொட்டகையையும் என் பெயரில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை, "தாசு அய்யா வேற நாங்க வேறயா" என்கிறார்கள். சங்கமும் வேண்டாம், ரிஜிஸ்ட்ராரும் வேண்டாம். என் மனசாட்சிதான் சட்டம். எப்போதும்போலப் பங்கு பிரித்துக் கொடுப்பேன். நான் ஏமாற்றுவேனா?

தாஸ்


திருப்பத்தூர்
6 ஜனவரி 1939

அன்பானவருக்கு,

ஏமாற்றமாட்டீர்கள். ஆனால் நாளைக்கே உங்களை ஒரு பாம்பு கடித்தால், சேசுவே காக்கட்டும், அந்தக் கொட்டகை யாருக்கு? எனக்கு. சட்டப்படி உங்கள் வாரிசு நான்தான். கருப்பனுக்கும் மாதையனுக்கும் ஒரு ஓலைகூடக் கிடையாது. நான் கெட்டவளாக இருந்தால் மறுநாளே மண்டிக்காரருக்கு விற்றுவிடலாம். மனசாட்சிக்கு வாரிசு உண்டா? தயவு செய்து உங்கள் பெயரில் எழுதாதீர்கள். இது ஒன்றையாவது கேளுங்கள்.

நான் இன்னொன்று கண்டுபிடித்திருக்கிறேன். அப்பாவிடம் மெதுவாகத்தான் பேச்செடுத்தேன். "வேடியப்பன்" என்றதும் எழுந்துபோனவர், திரும்பி வந்து ஒரு தடித்த புத்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். விஷயம் இதுதான். சாமி சங்கத்தில் மெம்பராக முடியாது. ஆனால் சொத்துக்காரராகலாம்! இந்துக் கோயில் சாமிக்கு நிலம் இருக்கலாம், வழக்குப் போடலாம், குத்தகை எடுக்கலாம். சட்டத்துக்கு அவர் ஒரு ஆள்தான். மேல்பட்டுக்காரர் கேட்டது நியாயம், நாம்தான் தப்பான கதவைத் தட்டியிருக்கிறோம்.

கொட்டகையை வேடியப்பன் சாமிக்குத் தர்ம சாசனமாக எழுதி வைத்துவிட வேண்டும். சாமியின் பெயரில் மூன்று பேர் தர்மகர்த்தாவாக ஏலத்தில் நிற்பார்கள். மூன்று பேரும் சமம், யாரும் உயர்ந்து உட்கார வேண்டாம். லாபத்தை யாருக்கும் பிரித்துத் தரமுடியாதுதான். அதற்கும் வழி இருக்கிறது. புளி கொண்டுவந்து போடும்போதே நல்ல விலையாகக் கொடுத்துவிடட்டும். அதற்கு மேல் மிஞ்சினால் சாமிக்குப் பொங்கலும், நோயாளிக்குக் கஞ்சியும் மருந்தும். சாமி யாரையும் வாரிசாக வைத்துவிட்டுச் சாகமாட்டார், விற்கவும் மாட்டார்.

ஒன்று மட்டும் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இந்துத் தர்மத்துக்குக் கிறிஸ்தவர் தர்மகர்த்தாவாக முடியாது. அதனால் அதில் உங்கள் பெயர் வராது. நீங்கள் கட்டிய கொட்டகையில் உங்கள் பெயர் இல்லை என்று எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் இதுதான் நிற்கும். தை பிறந்ததும் அவர்களை அழைத்துக்கொண்டு நீங்களும் இறங்கி வாருங்கள், இங்கே பதிந்துவிடலாம். அப்பா வீட்டில் இருப்பார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்
மார்த்தாள்


மேல்பட்டு
14 ஜனவரி 1939

மார்த்தா,

மாதையன், கருப்பன், சின்னதம்பி மூவரும் இந்தக் கடிதத்தோடு வருகிறார்கள். நான் வரவில்லை. எனக்கு அங்கே என்ன வேலை? உன் சட்டப்படி நான் யாரும் இல்லையே.

உன் கடிதத்தைப் படித்துச் சொன்னதும் இங்கே ஒரே கொண்டாட்டம். பறை அடித்து ஆடுகிறார்கள். நான் கொட்டகைக்குள் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். வேலையை விட்டேன், வீட்டை விட்டேன், மழையிலும் குளிரிலும் கிடந்தேன். கடைசியில் கல்லுக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லை!

நன்றாகத்தான் தேடியிருக்கிறாய். கம்பெனி இல்லை, சங்கம் இல்லை, அத்தனை சட்டத்தையும் தள்ளிவிட்டு, என்னை வெளியே தள்ளுகிற ஒரே சட்டமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறாய். நான் இறங்கி வரவேண்டும், அதுதானே உனக்கு வேண்டியது? உன் அப்பாவுக்கும் மனம் ஆறியிருக்கும். அப்பனும் மகளும் சேர்ந்து நல்ல தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

ஆரோக்கியதாஸ்


திருப்பத்தூர்
22 ஜனவரி 1939

அன்பானவருக்கு,

பத்திரம் பதிவாகிவிட்டது. மூவரும் நம் வீட்டில்தான் தங்கினார்கள். கருப்பனுக்கு என் குழம்பில் காரம் போதவில்லை. சப்-ரிஜிஸ்ட்ரார் மைப்பெட்டியை நீட்டியதும் மாதையன் கையை இழுத்துக்கொண்டு, "எந்தக் கைநாட்டுங்க? சாமியுதா, என்னுதா?" என்று கேட்டார். ஆபீஸே திகைத்து நின்றது. அப்பாதான், "உன்னுது போதும்பா. சாமிக்குப் பதிலாத்தான் நீ வெக்கறே" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அப்பா அப்போதுதான் சிரித்தார். அடுத்த வாரம் ஏலத்துக்கும் அப்பாவே அவர்களோடு போகிறார், தன் செலவில். அவர் மனம் ஆறியதா என்று கேட்டிருந்தீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

பத்திரம் மாதையன் கையில் வருகிறது. நீங்களே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், வேறு யாருக்கு அங்கே படிக்கத் தெரியும்? ஒன்பதாவது ஷரத்தை நிதானமாகப் படியுங்கள். கொட்டகையின் எடையும் கணக்கும் நிர்வாகமும் ஆரோக்கியதாஸ் வசம் இருக்க வேண்டியது, அவர் எந்த மதத்தவர் என்பது தடையில்லை, அவராக விலகினாலொழிய தர்மகர்த்தாக்கள் அவரை விலக்கக்கூடாது, அவர் ஆயுள் உள்ளவரை. இப்படி இருக்கும். அதை எழுதியது நான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பைத்தியமா உனக்கு? உன் புருஷனை நீயே மலையில கட்டிப் போடறியே" என்றார். இரண்டு நாள் அவரோடு சண்டை போட்டு அந்த ஷரத்தை உள்ளே வைத்தேன்.

உங்களை இறக்க வேண்டுமென்று நினைத்திருந்தால் நான் எதையும் பொறுக்கி எடுத்திருக்க வேண்டாம். அந்த ஒரு ஷரத்தை எழுதாமல் விட்டிருந்தால் போதும். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு யோசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். எழுதாவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள். வந்து இந்த வீட்டுக்குள் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள். அப்படி ஒரு புருஷன் எனக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

எழுதி முடித்துக் கை கழுவி வந்தபோதுதான், மறந்தே போயிருந்த உங்கள் கடிதத்தைக் கருப்பன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படித்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இப்போதும் இருக்கிறது. நான் உங்களுக்காகத் தேடிய அத்தனை சட்டத்திலும் விலகுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பங்கை விற்கலாம், ராஜினாமா செய்யலாம், சங்கத்தைக் கலைக்கலாம். கல்யாணத்தன்று நாம் கோயில் பதிவேட்டில் எழுதியதை மட்டும் எந்த டிப்டி ரிஜிஸ்ட்ராரும் ரத்து செய்ய முடியாது. அதனால் நான் உங்கள் மனைவிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் காத்திருப்பதென்று ஒரு உத்தியோகம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை இன்றோடு நான் விட்டுவிட்டேன்.

வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தேன், இடம் கிடைத்திருக்கிறது. பயிற்சி தொடங்கும்வரை அங்கேயே கன்னியர் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை கிளம்புகிறேன். நம் வீட்டைக் காலி செய்து சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்தாயிற்று, இப்போது அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் துணிமணியும் புத்தகமும் மூட்டையாகக் கட்டி மாதையனிடம் அனுப்பியிருக்கிறேன். பனியனெல்லாம் கிழிந்திருந்தது, தைத்து வைத்திருக்கிறேன்.

புளி நன்றாகக் காய்த்திருப்பதாகச் சின்னதம்பி சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. எப்போது வருவீர்கள் என்று இனி நான் எழுதமாட்டேன். வருவதாக இருந்தால், எங்கே வரவேண்டுமென்று முதலில் ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.

மார்த்தாள்